தொகுத்தாரும் காத்தாரும்: லினக்ஸ் யுஎஸ்பி இயக்கிகள் பற்றிய ஒரு திறனாய்வு

அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மர் செய்த ஏற்பாடு தமிழாசிரியர் அறிந்ததே. ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் யாவும் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடியும் எண்கள் குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்து, இருபது என வருவன நெய்தல். பாட்டின் முதலடியைக் காணுமுன்னரே அதன் எண்ணைக் கொண்டு திணையைச் சொல்லிவிடலாம். 400 பாடல்களையும் இவ்வாறு நிறுத்தியது தொகுத்தவரின் அறிவுத் திறம். ஆயினும் அந்நூல் இன்று நம் கையில் இருப்பதற்கு அத்திறம் மட்டும் காரணமன்று. ஏடு சிதையுந்தோறும் அதனைப் பெயர்த்தெழுதிய, பெயர் தெரியாத பலர் இருந்தனர். தொகுத்தல் ஒரு முறை செய்து முடிக்கும் தொழில். காத்தல் முடிவில்லாத தொழில்.

இவ்விரு தொழிலையும் சேர்த்து ஆராய்வதற்கு ஏற்ற பெருந்தொகை ஒன்று இக்காலத்தில் உண்டு. அது பாட்டுத் தொகை அன்று. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் நடுவே கெர்னல் எனப்படும் உட்கரு உள்ளது. கணினியின் உறுப்புகளையும், அவற்றின்மேல் ஓடும் நிரல்களையும் இணைத்து நடத்துவது அது. பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட அச்சிறு நிரல், பல்லாயிரவர் கைபட்டு இன்று கோடிக்கணக்கான வரிகள் கொண்டதாக வளர்ந்திருக்கிறது. அவ்வரிகளுள் பெரும்பகுதி இயக்கிகளே. சிலப்பதிகாரம் படித்தோர்க்கு இயக்கி என்றதும் ஆயர் முதுமகள் மாதரி பால்மடை கொடுத்த தெய்வம் நினைவுக்கு வருதல் கூடும். ஈண்டுக் கூறப்படுவது அவளன்று. ஒரு கருவியின் மொழியை அறிந்து, அதனைக் கெர்னலோடு பேச வைக்கும் நிரற்பகுதிக்கு இயக்கி என்று பெயர். இந்நிரல் முழுதும் எவரும் எடுத்துப் படிக்கத்தக்க எழுத்தாக வெளியிடப்படுவது. ஆதலின் மற்ற நூல்களைப் போலவே இதனையும் திறனாய்வுக்கு உட்படுத்துதல் தகும்.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நெகிரி செம்பிலானில் ஜெராம் பாடாங், சுவா பெத்தோங், தானா மேரா எனத் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிகள் பல. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, தோட்ட மக்கள் பலர் பட்டணம் பெயர்ந்த பின்னும் அப்பெயர்கள் நிலைத்திருக்கின்றன. இத்தகைய பள்ளியின் கணினி அறையில் உள்ள விசைப்பலகை, சுட்டி, கேமரா, பென்டிரைவ் யாவும் யுஎஸ்பி வாயிலாகவே இணைகின்றன. 2013-ஆம் ஆண்டு முதல் மலேசியப் பள்ளிகளுக்கு வந்த குரோம்புக் கணினிகளுள் இருந்தது லினக்ஸ் கெர்னலே. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, பிள்ளைகள் பாடம் படித்த ஆண்ட்ராய்டு கைப்பேசிகளிலும் அதே கெர்னல் உண்டு. லினக்ஸ் என்ற பெயரையே கேளாத வீட்டில் லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. பழைய கருவிகளையும் நன்கொடையாக வந்த கருவிகளையும் வைத்துப் பாடம் நடத்தும் பள்ளிகளுக்கு, எந்த இயக்கி காக்கப்படுகிறது, எது கைவிடப்படுகிறது என்பது ஏட்டளவான கேள்வியன்று.

யுஎஸ்பி 1996-இல் ஏழு நிறுவனங்கள் கூடி வெளியிட்ட இணைப்பு முறை. அதனை வகுத்தவருள் முதன்மையானவராகச் சொல்லப்படும் அஜய் பட், பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று இன்டெல் நிறுவனத்திற் பணியாற்றியவர். அதற்கு முன் அச்சுப்பொறிக்கு ஒரு துளை, சுட்டிக்கு ஒரு துளை, விசைப்பலகைக்கு வேறொரு துளை என்று கணினியின் பின்புறம் பலவகையாக இருந்தது. ஒரே வகைத் துளையில் எக்கருவியையும் செருகலாம் என்று ஆன பிறகு ஒரு சிக்கல் பிறந்தது. துளையைப் பார்த்துக் கருவியை அறிய வழியில்லை. ஆகவே கருவியே தன்னை அறிவிக்க வேண்டும்.

அறிவிக்கும் முறை நேர்த்தியானது. கருவி செருகப்பட்டதும் கம்பியில் ஏற்படும் மின்னழுத்த மாற்றத்தால் அதன் வருகை தெரிகிறது. கெர்னல் அதற்கு ஒரு முகவரி தருகிறது. ஒரு தொகுதியில் 127 முகவரிகள் வரை தரலாம். பின்னர், நீ யார் என்று கேட்கிறது. கருவி 18 பைட் அளவில் ஒரு விடை தருகிறது. அதில் செய்தவரைக் குறிக்கும் எண் ஒன்று, பொருளைக் குறிக்கும் எண் ஒன்று. இவற்றோடு அது எவ்வகையைச் சார்ந்தது என்பதற்கும் எண் உண்டு. 1 என்றால் ஒலி, 3 என்றால் மனிதர் கையால் இயக்கும் விசைப்பலகை, சுட்டி முதலியன, 7 அச்சுப்பொறி, 8 சேமிப்பு, 14 நிகழ்படம். ஒவ்வோர் இயக்கியும் தான் ஏற்கும் எண்களின் பட்டியலைத் தன்னிடம் வைத்திருக்கிறது. எண்ணும் பட்டியலும் பொருந்தினால் அவ்வியக்கி அழைக்கப்படுகிறது. அகநானூற்றில் எண்ணைக் கண்டு திணை அறிவது போன்றது இது. ஒரு வேறுபாடு உண்டு. உருத்திரசன்மர் 400 பாட்டையும் கையில் வைத்துக்கொண்டு எண்ணிட்டார். இங்கோ, நாளை எந்தக் கருவி எந்த எண்ணோடு வரும் என்பதைத் தொகுப்போர் அறியார்.

இனித் தொகுப்பின் அமைப்பைக் காண்போம். 2001 ஜனவரியில் கெர்னலின் 2.4 பதிப்பு வெளிவந்தபோது யுஎஸ்பி தொடர்பான இயக்கிகளிற் பெரும்பாலானவை ஒரே கோப்புறையில் நெருக்கியடித்துக் கிடந்தன. கேமராவும் விசைப்பலகையும் வலையிணைப்புக் கருவியும் ஒன்றன்மேலொன்றாகக் கிடந்த அந்நிலை, ஒரே அறையில் ஆறு வகுப்பு நடந்த பழைய தோட்டப் பள்ளிக்கூடத்தை ஒக்கும். 2002-ஆம் ஆண்டு வாக்கில் அவை அறைகளாகப் பிரிக்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படைக்கு ‘கோர்’, கணினியின் பக்கத்துக் கட்டுப்பாட்டுச் சில்லுகளுக்கு ‘ஹோஸ்ட்’, சேமிப்புக்கு ‘ஸ்டோரேஜ்’, இப்படியே மற்றவையும்.

அதற்குப் பின் நடந்ததுதான் கூர்ந்து நோக்கத்தக்கது. 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் கேமரா இயக்கிகள் யுஎஸ்பி வீட்டை விட்டு ‘மீடியா’ வீட்டுக்குக் குடிபெயர்ந்தன. வலையிணைப்பு இயக்கிகள் ‘நெட்’ வீட்டுக்குப் போயின. விசைப்பலகையும் சுட்டியும் ‘ஹிட்’ என்னும் புது வீட்டுக்குச் சென்றன. ஒலிக் கருவிகளின் இயக்கிகளோ இயக்கிகளின் வளாகத்திலேயே இல்லை. ‘சவுண்ட்’ என்னும் தனி மனையில் இருக்கின்றன. எந்தத் துளை வழியாக வந்தது என்பதை விட்டு, என்ன வேலை செய்கிறது என்பதைக் கொண்டு பகுக்கும் முறை வென்றது.

இம்மாற்றம் சரியானதே. விசைப்பலகை கம்பி வழியாக வந்தாலென்ன, புளூடூத் அலை வழியாக வந்தாலென்ன, சொல்லும் செய்தி ஒன்றுதான். இங்கே தமிழாசிரியர் ஒன்றைக் கருதலாம். 1999-இல் சென்னை மாநாட்டில் உருப்பெற்ற தமிழ் 99 விசைப்பலகை முறையில் தட்டச்சு செய்யும்போது, இயக்கிக்குத் தமிழ் தெரிவதில்லை, ஆங்கிலமும் தெரிவதில்லை. இன்ன இடத்து விசை அழுத்தப்பட்டது என்னும் எண்ணை மட்டுமே அது மேலே அனுப்புகிறது. அகரமா இகரமா என முடிவு செய்வது அதற்கு மேலுள்ள அடுக்கு. கம்பியின் வேலை, விசையின் வேலை, எழுத்தின் வேலை என மூன்றும் தனித்தனியே பிரிந்திருப்பதால்தான் ஒரு மொழிக்காரர் தம் எழுத்துமுறையை அமைக்கக் கெர்னலைத் தொட வேண்டியதில்லை. பகுப்பு நன்றாக அமைந்தால் அதன் பயன், பகுத்தவர் நினையாத இடத்திலும் விளையும்.

ஆனால் இக்கொள்கை முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை. தொடர்முறை இணைப்புக் கருவிகள் இன்னும் யுஎஸ்பி வீட்டின் ‘சீரியல்’ அறையிலேயே உள்ளன. அவற்றுக்கெல்லாம் பொதுவானதொரு சட்டகம் அங்கு இருப்பதால் அதற்கு நியாயம் கூறலாம். ‘மிஸ்க்’ என்னும் உதிரி அறைக்குத்தான் நியாயம் கூறுவது அரிது. லெகோ விளையாட்டுக் கருவிக்குரிய கோபுரம், எண்களைக் காட்டும் சிறு பலகை, தற்செயல் எண்களை உண்டாக்கும் கருவி எனத் தமக்குள் யாதொரு தொடர்பும் இல்லாதவை அங்கே தங்கியுள்ளன. எனினும் பொருந்தாதவற்றைப் பொருந்தாதவை என்று வெளிப்படையாக ஓர் அறையில் வைப்பது, வலிந்து ஓர் இனத்தில் நுழைப்பதினும் மேல். நிகண்டுகளில் எவ்வினத்திலும் அடங்காச் சொற்களைத் திணித்துக் குழப்பிய இடங்களைக் கண்டோர் இதனை ஒப்புவர்.

கேமரா இயக்கிகளில் நிகண்டு முறை வேறொரு வகையிலும் நினைவுக்கு வருகிறது. மிசெல் சார்து என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஓய்வு நேரத்தில் ‘ஜிஎஸ்பிசிஏ’ என்னும் இயக்கியை எழுதினார். அது 200-க்கு மேற்பட்ட கேமராக்களை ஏற்றது. ஒருவர் இத்தனைக்கும் எழுதியது எப்படி? கடையில் விற்கும் பெயர்கள் பலவாயினும் உள்ளிருக்கும் சில்லுகள் சிலவே. ஒரு பொருட் பல பெயர் என்று நிகண்டு சொல்வதை அவர் கேமராவிற் கண்டார். பல ஆண்டுகள் கெர்னலுக்கு வெளியே தனித்து நின்ற அவ்வியக்கியை ஜீன் பிரான்சுவா முவான் என்பவர் திருத்தி எழுத, 2008-இல் 2.6.27 பதிப்பில் அது கெர்னலுக்குள் இடம்பெற்றது. பொதுப்பகுதி ஒன்று, சில்லுக்கு ஒன்றாகக் கிளைப்பகுதிகள் பல என்ற அமைப்பு அதற்கு. இத்தொகையில் அழகிய பகுதி எதுவெனக் கேட்டால் இதனைச் சுட்டலாம்.

மிக ஆழமான பகுதி எதுவெனக் கேட்டால் அது வேறு. சேமிப்பு அறையில் ‘அன்யூசுவல் டெவ்ஸ்’ என்றொரு கோப்பு இருக்கிறது. வழக்குக்கு மாறான கருவிகள் என்பது பொருள். தொல்காப்பியத்தில் இயலின் இறுதியில் புறனடை வருவது போல, பொதுவிதிக்கு அடங்காத கருவிகளுக்கென அமைந்த பட்டியல் அது. பென்டிரைவும் கேமராவும் தம்மை 8-ஆம் வகை என்று அறிவித்தால் ஒரே இயக்கி எல்லாவற்றையும் நடத்த வேண்டும் என்பது பொதுவிதி. நடைமுறையில் பல கருவிகள் பொய் சொல்கின்றன. அல்லது கேள்வியைத் தவறாகப் புரிந்துகொள்கின்றன. உன் கடைசிக் கட்டத்தின் எண் என்ன என்று கெர்னல் கேட்கிறது. எண்ணிக்கை சுழியத்தில் தொடங்குவதால் நூறு கட்டம் உள்ள கருவி 99 என்று விடை சொல்ல வேண்டும். சில கருவிகள் நூறு என்று விடுகின்றன. முதல் வகுப்புப் பிள்ளை செய்யும் பிழை. அதனால் இல்லாத கட்டத்தைப் படிக்கப் போய்க் கருவி முடங்கும். அக்கருவியின் எண்களைப் பட்டியலில் எழுதி, இது சொல்வதில் ஒன்றைக் கழிக்க என்று குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

ஒவ்வொரு குறிப்பிலும் செய்தவர் எண், பொருள் எண், எந்தப் பதிப்பு முதல் எந்தப் பதிப்பு வரை இப்பிழை உள்ளது என்பது, கருவியின் பெயர், செய்ய வேண்டிய திருத்தம் ஆகியவை வரிசையாக உள்ளன. எண் வரிசையில் வைக்குமாறு கோப்பின் தலையிலேயே வேண்டுகோளும் உண்டு. இவற்றினும் மேலானது ஒன்று. பல குறிப்புகளின் தலையில் அப்பிழையை அறிவித்தவரின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. அவர்களிற் பலர் கெர்னல் வல்லுநர் அல்லர். ஒரு கேமராவை வாங்கி, அது வேலை செய்யாததைக் கண்டு, ஒரு மடல் எழுதியவர்கள். அம்மடலால் உலகில் அக்கேமராவை வைத்திருந்த அனைவருக்கும் அது வேலை செய்தது.

இக்கோப்பு இன்னொன்றும் செய்கிறது. பட்டியலில் உள்ள ஒரு குறிப்பின் பகுதி தேவையற்றது எனக் கெர்னல் ஓடும்போது கண்டுபிடித்தால், இச்செய்தியைப் படியெடுத்து எங்களுக்கு அனுப்புக என்று பயனரை வேண்டும் வாசகம் ஒன்றைப் பதிவேட்டில் எழுதுகிறது. தன்னைத் திருத்துமாறு படிப்பவரையே கேட்கும் நூல்! பதிப்பாசிரியர் சிலர் முன்னுரையில் இவ்வாறு கேட்பதுண்டு. நூலே கேட்பது புதுமை.

இனிக் காவலுக்கு வருவோம். கெர்னலின் தலைவாயிலில் ‘மெயின்டெய்னர்ஸ்’ என்னும் கோப்பு உண்டு. எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்பதைக் கூறும் பெயர்ப் பதிவேடு அது. பால்மரக் காட்டை நிரைகளாகப் பிரித்து, இன்ன நிரைக்கு இன்ன ஆள் என்று பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்ட காலத்தை நெகிரி செம்பிலான் தோட்டத்து மூத்தோர் மறந்திருக்க மாட்டார்கள். ஆள் வராத நாளில் அந்த நிரை வெட்டுப்படாமற் கிடக்கும். கெர்னலிலும் அவ்வாறே. யுஎஸ்பிப் பகுதி முழுமைக்கும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் நெடுங்காலமாகப் பொறுப்பாளர். அவருக்குக் கீழே தொடர்முறைக்கு யோகன் ஹோவொல்டு, சேமிப்புக்கு ஆலன் ஸ்டெர்ன் என ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெயர். ஒவ்வொரு பகுதிக்கும் நிலை ஒன்றும் குறிக்கப்பட்டிருக்கும். ஊதியம் பெற்று ஒருவர் பார்ப்பது ஒரு நிலை. ஒருவர் பார்ப்பது மற்றொரு நிலை. நேரம் கிடைத்தபோது திருத்தப்படுவது அடுத்தது. அனாதை என்பது அதற்கடுத்தது. வழக்கொழிந்தது என்பது கடைசி. ஒரு நிறுவனம் தன் பொருள்களைப் பற்றி இத்துணை ஒளிவுமறைவின்றிப் பேசுவதைக் காண்பது அரிது. எங்களிடம் இது இருக்கிறது, ஆனால் பார்ப்பார் இல்லை என்று எழுதி வைக்கத் துணிவு வேண்டும்.

எழுதி முடித்த இயக்கிக்குக் காவல் எதற்கு? எழுதியதை அப்படியே வைத்தால் ஓடாதா? ஓடாது. கெர்னலின் உட்பகுதிகள் ஒன்றோடொன்று பேசும் முறை நிலையானதன்று என்பது லினக்ஸாரின் கொள்கை. யுஎஸ்பிப் பகுதி குறைந்தது மும்முறை உள்ளிருந்தே மாற்றியமைக்கப்பட்டதைக் குரோவா-ஹார்ட்மன் ஒரு கட்டுரையில் எடுத்துக்காட்டாகத் தருகிறார். மாற்றுபவர் யாரோ, அவரே கெர்னலுக்குள் இருக்கும் எல்லா இயக்கிகளையும் அம்மாற்றத்துக்கு ஏற்பத் திருத்திக் கொடுக்க வேண்டும். உள்ளே இருப்பவை பிழைக்கும். வெளியே இருப்பவை, எழுதியவர் ஓடிவந்து திருத்தாவிட்டால், அடுத்த பதிப்பில் இறக்கும். விலை மலிந்த வைஃபை செருகிகள் பலவற்றின் கதை இதுவே. வாங்கிய ஆண்டில் வேலை செய்தது, கெர்னல் புதுப்பிக்கப்பட்டபின் வேலை செய்யாது. அச்சில்லுகளிற் சிலவற்றுக்கு 2023-இல் வெளிவந்த 6.2 பதிப்பில்தான் கெர்னலுக்குள்ளேயே இயக்கி கிடைத்தது. இக்கொள்கை கடுமையானது, ஆனால் நேர்மையானது. ஒரே கூரையின்கீழ் வந்துவிடு, எங்கள் மாற்றத்தின் சுமையை நாங்களே ஏற்கிறோம் என்பதே அதன் பொருள்.

இக்கொள்கையின் கடுமை 2004 ஆகஸ்டில் வெளிப்பட்டது. பிலிப்ஸ் கேமராக்களுக்குத் தன்னார்வலர் ஒருவர் ‘பிடபிள்யூசி’ என்னும் இயக்கியை எழுதிக் காத்துவந்தார். பெரிய படத்தைப் பிரித்துக் காட்டும் பகுதி மட்டும் நிறுவனத்தோடு செய்த உடன்பாட்டால் எவரும் படிக்க முடியாத மூடிய நிரலாக வெளியே இருந்தது. அதனை மாட்டுவதற்கென்றே இயக்கியில் ஒரு கொக்கி இருந்தது. மூடிய நிரலுக்காக மட்டுமே அமைந்த கொக்கி கெர்னலில் இருத்தல் கூடாது என்று அது நீக்கப்பட்டது. மனம் புண்பட்ட ஆசிரியர், முழு இயக்கியையுமே எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டார்கள். பின்னர் லுக் சயார் என்பவர் அம்மூடிய பகுதியின் செயலை ஆராய்ந்து திறந்த நிரலாக எழுத, இயக்கி மீண்டும் இடம்பெற்றது. அன்றைக்குக் கேமராவை இழந்தவர் பக்கமே இரக்கம் செல்லும். ஆனால் திறந்து எழுதப்பட்டதால்தான் அவ்வியக்கி தன் முதலாசிரியர் விலகிய பின்னும் நெடுங்காலம் வாழ்ந்தது. உரையாசிரியன் மறைந்தபின் உரையும் மறையுமாயின் அது நூலுக்கு ஆகாது.

நீக்கப்பட்டவற்றுள் குறை சொல்ல இடமில்லாதவையும் உண்டு. ரியோ 500 என்னும் பழைய இசைக் கருவியின் இயக்கி 2019-இல் எடுக்கப்பட்டது. அதன் வேலையைக் கெர்னலுக்கு வெளியிலிருந்தே செய்யும் நிரல் முன்னமே இருந்தது. கம்பியில்லா யுஎஸ்பி என்னும் முறை உலகில் வேரூன்றவே இல்லை. அதன் பகுதி 2020-இல் எடுக்கப்பட்டது. இவை களைபறித்தல்.

2022 நவம்பரில் எழுந்த வழக்கு வேறு வகை. ஆர்என்டிஐஎஸ் என்பது கைப்பேசியைக் கம்பியாற் கணினியோடு இணைத்து, கைப்பேசியின் இணையத்தைக் கணினிக்குத் தரும் முறைகளுள் ஒன்று. கைப்பேசியில் அதன் ஒரு பாதி, ‘கேட்ஜெட்’ அறையிலிருந்து வந்தது. கணினியில் மறு பாதி, ‘நெட்’ வீட்டிலிருந்து வந்தது. ஒரே தொகையின் இரண்டு பகுதிகள் ஒரு கம்பியின் இரு நுனியில் நின்று பேசுகின்றன. இம்முறை பாதுகாப்பற்றது, திருத்தவும் முடியாதது என்று கருதிய குரோவா-ஹார்ட்மன், இதனை அறவே முடக்கிவிடலாம் என்று முன்மொழிந்தார். அவர் கூறிய குறை உண்மையே. ஆனால் உலகெங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் இம்முறையையே பயன்படுத்துகின்றன என்று மறுப்பு எழுந்தது. அம்முடக்கம் அப்போது கெர்னலில் ஏற்றுக்கொள்ளப்படவில்லை.

இணையம் சரிவர எட்டாத தோட்டத்துப் பள்ளியில் ஆசிரியர் தம் கைப்பேசியைக் கம்பியால் இணைத்துப் பாடத்தைத் திரையில் காட்டுகிறார் என்றால், அவர் தொங்குவது இந்த இழையில்தான். அவர் சார்பில் பேசியவர், கைப்பேசி நிரல்களை எழுதும் துறையைச் சார்ந்தவர். அவர் பேசியது நன்று. ஆனால் ஆசிரியரின் குரல் அங்கே இல்லை. இதுவே இத்தொகையின்மேற் சொல்லத்தக்க பெருங்குறை. பயன்படுத்துவோர் இருக்கின்றனரா என்று அஞ்சற்குழுவிற் கேட்பார்கள். அக்குழுவின் மொழி ஆங்கிலம். அங்குப் பேசுவோர் பெரும்பாலும் நிரல் எழுதுவோர். விடை வராவிட்டால் பயன்படுத்துவோர் இல்லை என்று கொள்வது எளிது. பன்னிரண்டு ஆண்டுப் பழைய கேமராவை இன்னும் துடைத்துத் துடைத்துப் பயன்படுத்துவது வசதி படைத்த பள்ளியன்று. பழைய கருவி எங்கே மிகுதியோ அங்கே குரல் குறைவு. பெயர்ப் பதிவேடு காவலர் யார் எனச் சொல்கிறது. பயனர் யார் எனச் சொல்வதில்லை. தன்னைத் திருத்தக் கேட்கும் அந்த வாசகமும் ஆங்கிலத்தில், எவரும் திறந்து பாராத பதிவேட்டில் எழுதப்பட்டுக் கிடக்கிறது.

காவலர்மேல் மட்டும் பழி போடுதல் தகாது. கெர்னலின் விளக்க நூல்களுக்குச் சீனம், சப்பானியம், கொரியம், இத்தாலியம், எசுப்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்ப்புகள் கெர்னலோடு சேர்த்தே வைக்கப்பட்டுள்ளன. அவற்றை அவ்வம்மொழிக்காரரே செய்து கொடுத்தனர். அவ்வரிசையில் தமிழ் இல்லை. பிழை அறிவிப்பது எப்படி என்னும் ஒரு பகுதியையேனும் தமிழிற் பெயர்த்தல் ஒரு தமிழாசிரியரும் ஒரு கணினி மாணவரும் கூடினால் செய்யக்கூடியது. கலைச்சொல் இல்லை என்று சாக்குச் சொல்வதற்கும் இடமில்லை. இயக்கி, கோப்பு, பதிப்பு, திருத்தம் என இக்கட்டுரைக்கு வேண்டிய சொற்களிற் பெரும்பாலானவை முன்னரே வழக்கில் உள்ளன.

மடல் எழுதுவதும் கடினமன்று. லினக்ஸ் கணினியில் ‘எல்எஸ்யுஎஸ்பி’ என்று தட்டினால் செருகியுள்ள கருவிகளின் பெயர்களும், ஒவ்வொன்றுக்கும் முக்காற்புள்ளியிட்டுப் பிரித்த இரண்டு எண்களும் திரையில் வரும். ‘டிமெசேஜ்’ என உரைக்கப்படும் மற்றொரு கட்டளை கெர்னலின் பதிவேட்டைக் காட்டும். எண்கள் இரண்டு, பதிவேட்டிற் கருவி பற்றிய வரிகள், கெர்னலின் பதிப்பு எண், கருவியைச் செருகியதும் என்ன நடந்தது என்பது நாலு வரியில். இவையே வேண்டுவன. வண்ண எழுத்தும் படமும் கலந்த மடலை அஞ்சற்குழு திருப்பிவிடும். வெறும் எழுத்தாக அனுப்ப வேண்டும்.